என் வலது தோளுக்கு ஆன செலவு

அன்புள்ள தினேஷ்,

உன் நிச்சயதார்த்தத்துக்காக நான் வாங்கிய நீலக் கோட்டை டெய்லர் கெடுத்துவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். அந்த டெய்லர் நல்ல மனுஷன், அவர் மேல் பழி வேண்டாம். நடந்தது வேலூர் துணிக்கடையின் இரண்டாம் மாடியில், போட்டுப் பார்க்கும் அறைக்குள். இடது கையை முதலில் மாட்டிவிட்டு வலது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கோட்டுக்குள் நுழைத்தேன். பாதி நுழைந்தது. அதற்குமேல் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. தோளுக்குள் கொக்கி போட்டு இழுத்த மாதிரி ஒரு வலி. நான் கத்திய கத்தலில் அந்த மாடியில் புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூட ஓடிவந்துவிட்டார்கள். இரண்டு கையும் கோட்டோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி இருந்ததால் தாழ்ப்பாளை வாயால் கவ்வித் திறந்தேன். வாட்ச்மேன் என்னைப் பிடித்துக்கொள்ள, கடையின் தையல் மாஸ்டர் கத்தரிக்கோலோடு வந்து தோள் பக்கத்துத் தையலை வெட்டி என்னை வெளியே எடுத்தார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே உன் வருங்கால மாமனார், கையில் ஒரு வேட்டிப் பெட்டியோடு. "இன்னா சம்பந்தி, யாரோ பொம்பளை கத்தின மாதிரி கேட்டுச்சே?" என்றார். "ஆமாங்க, எனக்கும் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, கிழிந்த கோட்டுக்கு முழு விலையும் கட்டி அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இதை யாரிடமும் சொல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய்: "அப்பா, புது கம்பெனில இன்சூரன்ஸ் ப்ளான் செலக்ட் பண்ணணும். உங்க கை வைத்தியத்துக்கு மொத்தம் எவ்ளோ ஆச்சு? அதுல பழைய பாலிசி எவ்ளோ குடுத்துச்சு? ஷாலினி கேக்குறா." நான் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். பக்கத்தில் இருந்த உன் அம்மா, "குக்கரை இன்னும் கழுவவே இல்லையே" என்றாள். சாதாரணக் கேள்விதான், ஒரு தொகையைச் சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அந்தத் தொகை எப்படி வந்தது என்று நீ கேட்பாய், நீ கேட்காவிட்டாலும் ஷாலினி கேட்பாள், அவள் கணக்குப் படித்த பெண். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மாசியில் கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் சென்னையில் தனிக்குடித்தனம் போகப் போகிறீர்கள். போவதற்கு முன் உன் அப்பன் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

கை போன ஆடியிலேயே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. பின்பாக்கெட்டிலிருந்து கர்சீப் எடுக்க முடியவில்லை. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. உன் அம்மாவிடம் சொன்னால் டாக்டரிடம் போ என்பாள், டாக்டரிடம் போனால் சுகர் எவ்வளவு என்று கேட்பார், ஆகவே இருவரிடமும் சொல்லவில்லை. ஷாலினியும் இதைப் படிப்பாள் என்பதால் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பதப்படுத்தி முடித்த தோல், ஷூ தைக்கப் போகுமுன் என் டேபிளுக்கு வரும். ஒவ்வொரு தோலாகத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வடு எங்கே, உண்ணிக் கடி எங்கே என்று கண்டுபிடித்து, ஏ, பி, சி என்று தரம் பிரிக்கவேண்டும். அதைச் செலக்‌ஷன் என்போம். நான் பி என்று சொன்ன தோலை ஏ ஆக்க முதலாளியாலும் முடியாது. அவ்வளவு கெத்தான வேலைக்குக் கண் பாதி, கை பாதி. தலைக்கு மேலே தூக்கி ஒரு வீசு வீசினால்தான் தோல் டேபிளில் விரிந்து விழும். என் வலது கை மார்பு வரைக்கும்தான் வந்தது. ஒரு மாதமாக எல்லாத் தோலையும் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி மெல்ல விரித்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை அன்று மெஷினுக்கு மாலை போடச் சொன்னார்கள். நான் மாலையைக் கீழே இருந்து மேலே தூக்கிப் போட்டேன், அது போய் மேனேஜர் பிரபாகர் சார் தலையில் விழுந்தது.

மறுநாள் அவர் கூப்பிட்டார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "சார், உங்க கண்ணு மேல எனக்கு டவுட்டே இல்ல. ஆனா டேபிள் ஸ்லோவா போவுது. பொங்கல் வரைக்கும் டைம் எடுத்துக்குங்க. லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்கு தோலைத் தூக்கிக் காட்டுங்க. கை வரலைன்னா செட்டில்மெண்ட் வாங்கிக்கினு ஹாப்பியா வீட்ல இருங்க." ஹாப்பியா என்ற சொல்லை அவ்வளவு கொடுமையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது. வேலை போனால் வருமானம் போகும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊரார் தோலையெல்லாம் தள்ளுபடி செய்தவனை எடுத்துத் தள்ளுபடிக் குவியலில் போடுவார்கள் என்பது. நீ உன் கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குக் கீழே என்ன போடுவாய் என்றெல்லாம் ராத்திரியில் யோசித்தேன்.

நம் ஆம்பூரிலேயே எலும்பு டாக்டரைப் பார்த்தேன். கையைப் பிடித்து அப்படி இப்படித் திருப்பிவிட்டு, "தோள் மூட்டு இறுகிப்போச்சு. சுகர்காரங்களுக்கு இது ஜாஸ்தி வரும். மாத்திரை கம்மிதான், பிசியோதெரபி பண்ணணும்" என்றார். எவ்வளவு ஆகும் என்றேன். அது அவர் துறை இல்லையாம். அங்கிருந்து நான் விலை விசாரிக்கக் கிளம்பினேன். தினேஷ், நான் சொல்வதை நன்றாகக் கேள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு தடவைக்கு எழுநூறு ரூபாய் என்றார்கள். மகிழ்ச்சியோடு எழுந்தபோது, "மெஷின் சார்ஜ் தனி சார்" என்றார்கள். வீட்டுக்கு வந்து செய்கிறவர் அறுநூறு கேட்டார், பெட்ரோல் நம்முடையது. நம் ஊர் பைபாஸ் பக்கம் ஜெனிஃபர் என்று ஒரு பெண், பேரணாம்பட்டுக்காரி, புதிதாக கிளினிக் போட்டிருக்கிறாள். அவள் மெஷினும் சேர்த்து முன்னூற்றைம்பது என்றாள். அரசு ஆஸ்பத்திரியில் காசே இல்லை, நல்லாவும் செய்கிறார்கள் என்றார்கள், ஆனால் காலையில் போய் வரிசையில் நின்று, செய்துகொண்டு, பஸ் பிடித்துத் திரும்பினால் அரை நாள் சம்பளம் போய்விடும். எல்லா இடத்திலும் நான் கேட்ட அடுத்த கேள்வி, மொத்தம் எத்தனை தடவை வரவேண்டும் என்பது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. "கை எப்படி கோஆப்பரேட் பண்ணுதுன்னு பாக்கணும் அங்கிள்" என்றாள் ஜெனிஃபர். கிலோ விலை தெரிகிறது, எத்தனை கிலோ வாங்கவேண்டும் என்று தெரியவில்லை என்றால் எந்த மனுஷன் கடைக்குள் நுழைவான்?

அப்போதுதான் உன் பழைய கம்பெனி இன்சூரன்ஸில் எங்களையும் சேர்த்திருக்கிறாய் என்பது ஞாபகம் வந்தது. கார்டைத் தேடி எடுத்து, அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசியது, தேன் மாதிரிக் குரல்.

"அட்மிட் ஆனீங்களா சார்?"

"இல்லம்மா. தோள் புடிச்சிக்கினு கீது. பிசியோதெரபி பண்ணச் சொல்லிக்கிறாங்க."

"நீங்க போய்ட்டு வந்து பண்ணிக்கிட்டா அது ஓபி சார். உங்க பாலிசில ஓபி கவர் இல்ல. ஹாஸ்பிடல்ல அட்மிட் ஆகி ட்ரீட்மெண்ட் எடுத்து, டிஸ்சார்ஜ் ஆனதுக்கு அப்புறம் அதே பிரச்சினைக்கு டாக்டர் எழுதிக் குடுத்த பிசியோதெரபின்னா க்ளெய்ம் பண்ணலாம். அதுவும் குறிப்பிட்ட நாளைக்குள்ள."

"அப்போ படுத்தாத்தான் காசாம்மா?"

"படுக்கறதுக்கு காரணம் இருக்கணும் சார்" என்றது தேன்.

அந்தப் பெண் சொன்ன கடைசி வரியை நான் கவனிக்கவில்லை. படுத்தால் காசு என்பது மட்டும் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. ஃபினிஷிங் செக்‌ஷன் செல்வம் இருக்கிறானே, ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அறிந்தவன், அவன் வேறு தூபம் போட்டான். "எங்க மச்சான் முட்டி வலின்னு ஒரு நாள் போய் படுத்தான். மொத்தமும் இன்சூரன்ஸ்ல போச்சு. இப்ப நாட்றம்பள்ளி வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வர்றான்." அவனே ஒரு நர்சிங் ஹோமைச் சொன்னான். பேர் வேண்டாம், நீ அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒரு வியாழக்கிழமை காலை, உன் அம்மாவிடம் கம்பெனி ஆடிட் என்று சொல்லிவிட்டு, அங்கே போய்ப் படுத்தேன். ரிசப்ஷனில் இருந்தவன் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாங்க முடியாத வலி, மயக்கம்னு போட்டுர்றேன்" என்றான். எனக்கு மயக்கம் இல்லை என்றேன். "வரும் சார்" என்றான். ஒரு நர்ஸ் பெண் வந்து இடது கையில் ஊசி குத்தி, குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலில் நிஜமாகவே அடிபட்ட ஒருவர், லாரி டிரைவர், கால் முழுக்கக் கட்டு. "உங்களுக்கு இன்னா சார்?" என்று கேட்டார். என்ன சொல்வது? "கோட்டு போட முடியல" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சற்று நேரத்தில் ரிசப்ஷன்காரன் திரும்பி வந்தான். "இன்சூரன்ஸ்ல இருந்து வெரிஃபை பண்ண கூப்புடுவாங்க. மயக்கம் எப்ப வந்துச்சு, எங்க விழுந்தீங்கன்னு ஒரே மாதிரி சொல்லுங்க." யாரைக் கூப்பிடுவார்கள் என்றேன். "உங்களையும் கேப்பாங்க, உங்க பையனையும் கேப்பாங்க. பாலிசி அவர் கம்பெனிதுதான? டவுட் வந்தா அவங்க ஆபீசுக்கே மெயில் போடுவாங்க" என்று சாதாரணமாகச் சொன்னான். தினேஷ், எனக்கு மயக்கம் அப்போதுதான் நிஜமாக வந்தது. நீ ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாய், உன் மேலதிகாரி கூப்பிடுகிறார், 'உங்க அப்பா எங்கே விழுந்தார்' என்று கேட்கிறார். இந்தப் படம் அப்படியே கண்முன் ஓடியது. உன் சம்பளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு அட்டையை வைத்து உன் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேனே. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இறங்கி, அப்படியே பஸ் ஏறிவிட்டேன். டிக்கெட்டுக்குக் கை நீட்டியபோதுதான் கண்டக்டர் என் கையையே பார்த்தார். ஊசியும் குழாயும் அப்படியே இருந்தன. அதை எடுப்பதற்காகத் திரும்பிப் போனேன். எடுப்பதற்கும் படுக்கைக்கும் குளுக்கோசுக்கும் சேர்த்துக் கைக்காசு கட்டினேன். க்ளெய்ம் எதுவும் அனுப்பக்கூடாது என்று அவன் எதிரிலேயே நின்று பேப்பரைக் கிழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். உன் பேருக்கு எதுவும் வராது, பயப்படாதே. அதன்பின் ஒரு வாரம் உன் நம்பர் போனில் வந்தாலே எனக்கு வேர்த்தது.

இத்தோடு புத்தி வந்து ஜெனிஃபரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்கு அதைவிடப் பிரமாதமான யோசனை தோன்றியது. இதை ஆம்பூர்க்காரனைத் தவிர உலகத்தில் எவனும் யோசித்திருக்க மாட்டான். எங்கள் ஃபேக்டரியில் ஈரத்தோலை இழுத்து உலர்த்த, ஆள் உயரத்துக்கு மேல் ஓட்டை ஓட்டையாக இரும்புச் சட்டங்கள் உண்டு. தோலின் விளிம்பில் கிளிப்பைக் கடிக்க வைத்து, கிளிப்பின் கொக்கியை ஓட்டையில் மாட்டுவார்கள். இறுகிச் சுருங்கிய தோலும் இழுத்த இழுப்புக்கு நீளும். அந்தச் செக்‌ஷனில் கலீல் பாய், எனக்கு முப்பது வருஷத்து தோஸ்த். உன் காதுகுத்துக்கு பிரியாணி கொண்டுவந்தாரே, அவர்தான். நான் அவரிடம் கேட்டேன்: "பாய், மாட்டுத் தோல் இளகுது. மனுஷன் தோள் இளகாதா?"

பாய் தாடியைத் தடவினார். "மாட்டுத் தோலை உரிச்சதுக்கு அப்புறம்தான இழுக்கறோம்?"

"ஒரு நாளைக்கு ஒரு ஓட்டை மேல. அவ்ளோதான். மெதுவா. காசு பைசா கிடையாது."

"பேஜாரான வேலைப்பா இது. உன் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா என்னையும் சேர்த்து இழுத்து மாட்டும்." சொன்னாரே தவிர, சட்டத்தைத் துடைத்துக் கொடுத்தார்.

நல்ல தோலில் அகலமான வார் ஒன்று வெட்டி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். வாரின் நுனியை கிளிப் கடிக்கும், கிளிப் ஓட்டையில் மாட்டும், நான் சுவரைப் பார்த்து நிற்பேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்ச நேரம். நம்பமாட்டாய், முதல் வாரம் கை நிஜமாகவே ஏறியது. மார்பிலிருந்து கழுத்துவரை வந்தது. முன்னூற்றைம்பது ரூபாயை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். சக ஊழியர்களுக்கெல்லாம் இலவச வைத்தியம் சொல்லவும் ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் கார்த்திகை பாதி போய்விட்டது. பொங்கல் கிட்டே வருகிறது, ஒரு ஓட்டை வீதம் போனால் காது வரைக்கும் போகாதே என்று பதற்றம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். எங்கள் ஊரில் வெள்ளி மத்தியானம் ஃபேக்டரி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பாதிப் பேர் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள், மெஷினெல்லாம் நிற்கும், மீதிப் பேர் சாப்பிடக் கலைந்துவிடுவார்கள். யாரும் பார்க்கமாட்டார்கள், நிதானமாகச் செய்யலாம் என்று நான் தேர்ந்தெடுத்ததே அந்த நேரத்தைத்தான். பாய் ஒரு ஓட்டையில் மாட்டிவிட்டு, "நான் வர்ற வரைக்கும் ஆடாம நில்லு" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆடாமல் நிற்கிற ஜாதியா நான்? பக்கத்தில் கிடந்த மரப்பலகை மேல் ஏறி, இடது கையால் கிளிப்பைக் கழற்றி, மூன்று ஓட்டை மேலே மாட்டினேன். மாட்டிவிட்டுப் பலகையிலிருந்து மெதுவாக இறங்கலாம் என்று நினைத்தேன். தரை எப்போதும் ஈரம். பலகை வழுக்கிக்கொண்டு போய்விட்டது. என் மொத்த எடையும் அந்தத் தோளில் தொங்கியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கால் நுனி தரையைத் தொட்டது, ஆனால் கிளிப் எட்டவில்லை. இடது கையை எவ்வளவு நீட்டியும் ஒரு சாண் குறைவு; மணிக்கட்டில் சுற்றிய வாரும் இறுகிப்போய் அவிழவில்லை. கத்தினேன். அந்தப் பெரிய கூடத்தில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. வார் அறுந்துவிடும் என்று உடம்பை ஆட்டிப் பார்த்தேன். அறுமா? நானே பொறுக்கி எடுத்த ஏ கிரேடு தோல். ஒரு சி கிரேடு துண்டை எடுத்திருந்தால் தப்பித்திருப்பேன். தொழுகை முடிகிற வரை, நுனிக்காலில் நின்றபடி, வேர்வை கண்ணில் இறங்க, என் கை இனி என்னுடையது இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். தினேஷ், இது வேடிக்கை இல்லை. டேபிள் போச்சு, பேனா பிடிக்கிற கை போச்சு, உன் கல்யாணத்தில் அட்சதை தூக்கிப் போடுகிற கை போச்சு என்று வாய்விட்டு அழுதேன். பாய் வந்து பார்த்தார். கத்தியால் வாரை அறுத்து, என்னைத் தோளில் தாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினார். வழி முழுக்க எனக்கே கேட்காத குரலில் ஏதோ ஓதிக்கொண்டு வந்தார்.

ஸ்கேன் எடுத்ததில் தோள் தசைநாரில் பாதிக் கிழிசல் என்று வந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஓய்வு, அப்புறம் பிசியோதெரபி, முன்பு சொன்னதைவிட ரொம்ப நாள் என்றார் டாக்டர். உன் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மணிக்கட்டில் இருந்த வார்த் தழும்பைப் பார்த்தாள். கலீல் பாய் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நர்சிங் ஹோம் கதையை மட்டும் நானே சொன்னேன், எல்லாத் திட்டும் ஒரே தவணையில் முடியட்டும் என்று. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "முன்னூத்தம்பது ரூபாய்க்கு பயந்துக்கினு கையைத் தூக்குல போட்டுட்டு வந்துக்கிறே. என்கிட்ட கேட்டிருந்தா நான் குடுக்கமாட்டனா?" என்று மெதுவாகக் கேட்டாள். கத்தியிருக்கலாம். உன் அம்மா மெதுவாகப் பேசினால் வீட்டுச் சுவர்கூட நடுங்கும்.

அதற்குப் பிறகு ஜெனிஃபர். உன்னைவிடச் சின்னப் பெண், என் கையைப் பிடித்தால் வலியில் எனக்கு என் பாட்டனார் பேர்வரை மறந்துபோகும். முதல் நாளே கலீல் பாயின் இரும்புச் சட்டத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, "என்னோட மெஷின் எல்லாம் இருபது வாட்டி யோசிச்சு வாங்கினது அங்கிள். உங்க ஃபேக்டரில ஃப்ரீயா கெடைக்கும்னு தெரிஞ்சிருந்தா லோன் போட்டிருக்க மாட்டேன்" என்றாள். வலிக்கிறது என்று கத்தினால், "எனக்கும் கேக்குது அங்கிள்" என்பாள். அவளிடம் நான் கற்றதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும். மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்று நான் பேரம் பேசியபோது அவளே வேண்டாம் என்றாள்; நாலு தடவைக்குக் கட்டுங்கள், கை முன்னேறினால் அடுத்த நாலு என்றாள். எந்த இடத்திலும் முதலில் அப்படித்தான் கட்டு. ஒரு தடவை என்றால் எவ்வளவு நேரம், மெஷின் சேர்த்தா, யார் செய்வார்கள், பெரியவரா படிக்கிற பிள்ளையா என்று கூச்சப்படாமல் கேள். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைச் செய்து காட்டச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள். வீட்டில் ஒழுங்காகச் செய்தால் கிளினிக்குக்குப் போகவேண்டிய தடவை குறையும், அதுதான் இந்த உலகத்திலேயே மலிவான பிசியோதெரபி. என் விஷயத்தில் அது மலிவும் இல்லை. நான் சுவரில் விரலை நடத்திக்கொண்டு ஏற, உன் அம்மா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் மேல, இன்னும் மேல, ஃபேக்டரில மட்டும் ஏறிச்சு" என்று தினமும் அர்ச்சனை செய்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இவ்வளவு சந்தோஷமான மாலைப்பொழுதுகள் வாய்த்ததில்லை.

பொங்கல் லீவு முடிந்து போன அன்று, உன் அம்மா சட்டைக் கையை மாட்டிவிட்டு, பொத்தானும் போட்டுவிட்டாள். கை அதற்கு முந்தின நாள் காது வரை வந்திருந்தது. குளிரில் காலையில் மறுபடி இறுகிவிட்டது. பிரபாகர் சார் டேபிள் முன்னால் வந்து நின்றார். கலீல் பாய் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்றார். செல்வம் பந்தயம் கட்டியிருப்பான் போல, அவனும் நின்றான். முதல் தோலைத் தூக்கினேன். மார்பு தாண்டியது, கழுத்து தாண்டியது. காதுக்குப் பக்கத்தில் வந்ததும் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. கீழே விட்டுவிடலாம் என்று இருந்தது. விடவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர், தோல் ஒன்றும் தெரியவில்லை. "பி" என்று சொல்லி வீசினேன். விரிந்து விழுந்தது, ஒரு மூலை மட்டும் மடிந்து. பிரபாகர் சார் மடிந்த மூலையை விரலால் நீவிவிட்டார். "அடுத்தது" என்றார். அடுத்தது. அதற்கடுத்தது. சாப்பாட்டு மணி அடிக்கிற வரை அவர் நகரவில்லை. கடைசியில், "அவ்ளோ மேல தூக்கத் தேவையில்ல சார். தோலைப் பாருங்க, சீலிங்கை ஏன் பாக்குறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செட்டில்மெண்ட் என்ற வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. நான் முதலில் பி என்று வீசிய தோலை அப்புறம் எடுத்துப் பார்த்தேன், அது சுத்தமான ஏ. யாரிடமும் சொல்லாதே.

இப்போது நீ கேட்ட கேள்வி. டாக்டர், ஸ்கேன், மருந்து, ஜெனிஃபர், நர்சிங் ஹோமில் தண்டம், லீவு போட்ட சம்பளம், ஒரு நீலக் கோட்டு எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். ஆடியிலேயே ஜெனிஃபரிடம் போயிருந்தால் இதில் கால்வாசியில் முடிந்திருக்கும். இன்சூரன்ஸ் கொடுத்தது ஒன்றுமில்லை; அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை, என்ன தருவேன் என்று அது முன்பே எழுதித்தான் வைத்திருக்கிறது, படிக்காதது நாம். புதுக் கம்பெனியில் ஓபியும் சேர்த்த ப்ளான் இருந்தால், அதற்கு வருஷத்துக்கு எவ்வளவு கூடுதலாகப் பிடிப்பார்கள், பிசியோதெரபிக்கு எவ்வளவு வரை தருவார்கள், எந்த கிளினிக் என்றாலும் தருவார்களா, அவர்கள் சொல்லும் இடத்துக்குத்தான் போகவேண்டுமா என்று பார். பிடிப்பதும் தருவதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், சாதாரண ப்ளானையே எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தனியாகப் போட்டு வை. என்றைக்காவது நிஜமாகவே படுக்க நேர்ந்தால், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டில் பிசியோதெரபி என்று டாக்டர் கையால் எழுதி வாங்கு. இன்சூரன்ஸ் படிவத்தில் எனக்குச் சுகர் இருப்பதை மறைக்காமல் எழுது. உன் மாமனாருக்கும் சுகர்தான், அவர் வீட்டில் மறைக்கிறார், லட்டு விஷயத்தில் நானே சாட்சி. வலி வந்தால் ஷாலினியிடம் அன்றைக்கே சொல். நீ என் பிள்ளை, சொல்லமாட்டாய், உனக்கும் ஏதாவது பிரமாதமான யோசனை தோன்றும். அந்த நேரத்தில் உன் அப்பன் நுனிக்காலில் நின்று அழுததை நினைத்துக்கொள்.

நேற்று ஜெனிஃபரிடம் கடைசி தடவை. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன், அவளுக்கு ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்பும் கொடுத்தேன். கிளம்பும்போது சும்மா இருக்கமாட்டாமல் ஒன்று கேட்டேன்: "ஏம்மா, ஆடில வலி ஆரம்பிச்சப்பவே, ஒண்ணுமே பண்ணாம அப்படியே விட்டிருந்தா இந்தக் கை இன்னா ஆகியிருக்கும்?"

அவள் பேடாவை மென்றுகொண்டே சொன்னாள்: "ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம் ஆகியிருக்கும் அங்கிள். முக்கால்வாசிப் பேருக்கு அந்த இறுக்கம் தானாவே விட்டுப்போயிடும்."